மின்னணு மூக்கும் நமது சங்கங்களும்

விளைபொருளின் விலையை நிர்ணயிப்பது தராசு என்று பொதுவாகச் சொல்லுகிறோம். ஆனால் தராசில் ஏறுவதற்கு முன்பே பொருள் இன்னொரு சோதனைக்கு உட்படுகிறது. அது மனிதருடைய மூக்கு. பால் கொள்முதல் நிலையத்தில் பாத்திரத்தின் மூடியைத் திறந்தவுடன் முகர்ந்து பார்க்கிறார்கள். நெல் வாங்க வருபவர் ஒரு கைப்பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து மூக்கினருகே கொண்டு போகிறார். புதுவைப் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குவோர் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்த பின்னரே விலை பேசுகின்றனர். "வாடை அடிக்கிறது" என்று சொல்லிவிட்டால் போதும். எடை சரியாயிருந்தும் விலை இறங்கும், அல்லது பொருளே திரும்பி வரும்.

எடையில் சந்தேகம் தோன்றினால் மறுபடியும் நிறுத்துப் பார்க்கலாம். பாலின் கொழுப்புச் சத்தில் சந்தேகம் தோன்றினால் மீண்டும் பரிசோதிக்கலாம். முகர்ந்து சொன்ன தீர்ப்புக்கோ அப்பீல் கிடையாது. சொன்னவர் நேர்மையானவராகவே இருக்கலாம். எனினும் அவருக்குச் சளி பிடித்திருக்கலாம். நூறு பாத்திரங்களை முகர்ந்து களைத்திருக்கலாம். காலையில் அவர் ஏற்றுக்கொண்டதை மாலையில் தள்ளிவிடவும் கூடும். பொருளைக் கொண்டுவந்த அங்கத்தினருக்கு நஷ்டம் நிச்சயம். காரணம் மட்டும் நிச்சயமில்லை.

இக்குறையை ஓரளவு போக்கவல்லதாக விஞ்ஞானிகள் ஒரு கருவியை அமைத்திருக்கின்றனர். அதற்கு 'மின்னணு மூக்கு' என்று பெயர். அது எவ்வாறு வேலை செய்கிறது, எதை அறியும், எதை அறியாது, நம்மைப் போன்ற சங்கங்கள் அதனை எந்த நிபந்தனைகளோடு ஏற்கலாம் என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

முகர்ந்தறிதல் பழைய தொழிலறிவு

இது விவசாயிகளுக்கு மட்டும் உரிய விஷயம் என்று நெசவாள அங்கத்தினர்கள் எண்ண வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 'கினே' என்ற பெயரோடு புதுச்சேரியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டிற்குக் கப்பலேறிய நீலத்துணி, அவுரிச் சாயத்தில் தோய்ந்தது. சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள் அவுரியோடு சுண்ணாம்பையும் வேகவைத்த தகரை விதையையும் சேர்த்துத் தாழியில் புளிக்க வைத்தனர். தாழி பக்குவமாகிவிட்டதா என்பதை நிறம், நுரை, வாசனை இவற்றைக் கொண்டே அறிந்தனர். பக்குவம் தவறிய தாழியில் நூலை முக்கினால் சாயம் சரியாகப் பிடிக்காது. ஆகவே நூலின் தலைவிதி ஒருவருடைய மூக்கைப் பொறுத்திருந்தது.

இத்தகைய அறிவு மிக உயர்ந்தது. ஆனால் அது அறிந்தவரோடு வாழ்ந்து அவரோடு மறைந்து போவது. அதனை எழுதி வைக்கவும், பிறருக்கு எடுத்துக் காட்டவும், சச்சரவு வந்தபோது சாட்சியாக நிறுத்தவும் வழி இருந்ததில்லை. மின்னணு மூக்கைப் பற்றிய முயற்சியெல்லாம் இந்த வழியைத் தேடியதேயாகும்.

வாசனை என்பது யாது?

ஒரு பொருளிலிருந்து ஆவியாகக் கிளம்பிக் காற்றில் கலக்கும் நுண்ணிய மூலக்கூறுகளே வாசனைக்குக் காரணம். நாம் ஒரே மணமாக உணரும் காப்பியின் மணத்தில் உண்மையில் பல நூறு விதமான மூலக்கூறுகள் கலந்திருக்கின்றன. பொருள் பழகப் பழக இக்கலவை மாறுகிறது. சில மூலக்கூறுகள் குறைகின்றன. சில புதிதாகத் தோன்றுகின்றன. எனவே வாசனை என்பது பொருளின் உள்ளே நடக்கும் மாறுதலைப் பற்றி வெளியே வரும் செய்தி என்று கொள்ளலாம்.

அச்செய்தியை நம் மூக்கு எப்படிப் படிக்கிறது என்பது வெகுகாலம் விளங்காமலிருந்தது. 1991-இல் அமெரிக்க விஞ்ஞானிகளான லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் ஆகிய இருவரும் வாசனையை ஏற்கும் உறுப்புகளுக்குரிய மரபணுக்களைக் கண்டறிந்தனர். அதற்காக 2004-இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மனித மூக்கில் இத்தகைய ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை உண்டு. மல்லிகைக்கு ஓர் ஏற்பி, மீனுக்கு ஓர் ஏற்பி என்று தனித்தனியாக இல்லை. ஒரே மூலக்கூறு பல ஏற்பிகளை வெவ்வேறு அளவில் தூண்டுகிறது. ஒரே ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இணங்குகிறது. எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் கோலத்தை மூளை படித்து, "இது மல்லிகை, இது மீன்" என்று தீர்மானிக்கிறது.

நெசவாளர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாவில் ஓர் இழையை மட்டும் பார்த்து சேலையின் கரையில் என்ன பூ விழப் போகிறது என்று சொல்ல முடியாது. பல இழைகள் ஏறி இறங்கும் முறையிலிருந்தே பூ தோன்றுகிறது. வாசனையும் அப்படியே.

கருவி வேலை செய்யும் விதம்

ஜப்பான் நாட்டின் நவோயோஷி டகுச்சி என்பவர் 1962-இல் வெள்ளீய ஆக்ஸைடைக் கொண்டு, காற்றில் கலந்த எரிவாயுவை அறியும் ஓர் உணர்வியை உருவாக்கினார். சென்சார் என்று இன்று எல்லோரும் சொல்லுவது இவ்வகைப் பொருளையே. சூடேற்றப்பட்ட வெள்ளீய ஆக்ஸைடின் மேற்பரப்பில் காற்றிலுள்ள பிராணவாயு ஒட்டிக்கொண்டு மின்சாரத்தின் ஓட்டத்தைத் தடுக்கிறது. எரிவாயுவோ, சாராய ஆவி போன்ற வேறு ஆவியோ அங்கு வந்தால், அப்பிராணவாயுவோடு அது சேர்ந்துவிடுவதால் தடை குறைந்து மின்சாரம் அதிகமாக ஓடுகிறது. இந்த வேறுபாட்டை அளந்தால் ஆவி வந்திருப்பது தெரிந்துவிடும்.

ஆனால் ஓர் உணர்வி பல ஆவிகளுக்கும் இணங்குவதால், வந்தது எது என்பதை அது ஒன்றே சொல்லாது. 1982-இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் என்னும் இருவரும், வெவ்வேறு இயல்புள்ள சில உணர்விகளை ஒன்றாக வைத்து, அவை சேர்ந்து தரும் கோலத்தைக் கொண்டு வாசனைகளைப் பிரித்தறியலாம் என்று காட்டினர். மின்னணு மூக்கின் தொடக்கம் இதுவே. பிறகு 1993-இல் பிரான்சு நாட்டின் தூலூசு நகரில் தொடங்கிய ஆல்ஃபா மாஸ் போன்ற நிறுவனங்கள் இக்கருவியை வியாபாரத்திற்குக் கொண்டுவந்தன.

சோதனை முறை எளிது. மாதிரியைச் சிறிது அளவெடுத்து மூடிய பாத்திரத்தில் வைத்து, குறிப்பிட்ட அளவுக்குச் சூடேற்றுவர். மேலே திரளும் ஆவியைச் சிறு பம்பு ஒன்று உணர்விகளின் மீது செலுத்தும். ஒவ்வோர் உணர்வியும் தரும் எண்ணைக் கணிப்பொறி குறித்துக்கொள்ளும். பின்னர் சுத்தமான காற்றைச் செலுத்தி உணர்விகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து அடுத்த மாதிரிக்குத் தயாராக்குவர்.

இங்கே அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கருவி தருவது எண்களின் கோலத்தை மாத்திரமே. "நல்லது", "கெட்டது" என்னும் சொற்களை அது அறியாது. நல்லதென்று மனிதர்கள் தீர்மானித்த மாதிரிகளையும் கெட்டதென்று தீர்மானித்த மாதிரிகளையும் பலமுறை காட்டி, இன்ன கோலத்திற்கு இன்ன பெயர் என்று அதற்குக் கற்பிக்க வேண்டும். கற்பித்ததைத்தான் அது திருப்பிச் சொல்லும்.

தேயிலை காட்டும் உதாரணம்

நம் நாட்டில் இக்கருவி நன்கு ஆராயப்பட்ட பொருள் தேயிலை. சி-டாக் என்று வழங்கும் மத்திய அரசின் கணிப்பொறி வளர்ச்சி நிலையத்தின் கொல்கத்தா மையமும், அந்நகரின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து இவ்வேலையைச் செய்தன.

பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, பரப்பி வைத்தால், அது காற்றோடு சேர்ந்து நிறமும் மணமும் மாறுகிறது. புளித்தல் என்று தொழிலில் சொல்லப்படும் இக்கட்டத்தில் பச்சிலை வாடை மறைந்து பூமணம் எழும். அந்நேரம் பார்த்து உலர்த்துவதற்கு அனுப்ப வேண்டும். முந்தினால் பச்சை வாடை நிற்கும். பிந்தினால் தேநீர் சப்பென்று போகும். வெயிலும் ஈரமும் நாளுக்கு நாள் வேறாதலால் கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது. மணம் இருமுறை உச்சத்துக்கு வருவதை 'முதல் மூக்கு', 'இரண்டாம் மூக்கு' என்றே ஆலைகளின் அனுபவசாலிகள் அழைப்பதுண்டு. கொல்கத்தா ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், புளிக்கும் தேயிலையை மின்னணு மூக்கைக் கொண்டு தொடர்ந்து கவனித்து, பக்குவ நேரத்தை அறியலாம் என்று காட்டினர்.

அடுத்து அவர்கள் முடிந்த தேயிலையை எடுத்துக்கொண்டனர். தேயிலைக்கு மதிப்பெண் இடுவதற்கென்றே பயின்ற சுவைஞர்கள் இருக்கின்றனர். அவர்கள் கூறும் மதிப்பு ஏலத்தில் விலையைப் பாதிக்கிறது. சுவைஞர்கள் இட்ட மதிப்பெண்களைக் கருவிக்குக் கற்பித்து, பிறகு புதிய மாதிரிகளைக் கொடுத்து, இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப் போகின்றன என்று பார்த்தனர். இவ்வொப்பீடு 2008-இல் வெளியாயிற்று.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கருவி சுவைஞரை மீறிய புது நீதிபதியாகிவிடவில்லை. சுவைஞரின் மாணவனாகவே இருந்தது. சுவைஞர்கள் தமக்குள் மாறுபட்டால் மாணவனும் தடுமாறுவான். நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் பல, 'இண்ட்கோசர்வ்' என்னும் இணையத்தின் கீழ் இயங்குகின்றன. அவ்விவசாயியின் பச்சைக் கொழுந்துக்குக் கிடைக்கும் விலை, ஏலத்தில் தேயிலைத் தூளுக்குக் கிடைக்கும் விலையைத் தொடர்ந்து ஏறி இறங்குகிறது. ஆகவே சுவைஞரின் நாக்கிலும் மூக்கிலும் தொடங்கும் மதிப்பு மலைச்சரிவிலுள்ள குடும்பத்தின் அடுப்பு வரையில் வந்து சேருகிறது. அம்மதிப்பை யார் கற்பித்தார் என்ற கேள்வி வெறும் விஞ்ஞானக் கேள்வியன்று.

பழமையும் தரமும் ஒன்றல்ல

பொருளின் வயதை இக்கருவி அறியும் என்று சொல்லக் கேட்கிறோம். சரியாகச் சொன்னால், வயதினால் ஏற்பட்ட வாசனை மாறுதலை அறியும். அம்மாறுதல் நன்மையா தீமையா என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும்.

மீனை எடுத்துக்கொள்வோம். கடல் மீனின் தசையில் வாசனையற்ற ஒரு பொருள் இயற்கையாக இருக்கிறது. மீன் இறந்த பிறகு பாக்டீரியாக்கள் அதனை டிரைமெதில் அமீன் என்னும் பொருளாக மாற்றுகின்றன. பழைய மீனின் கவிச்சு நாற்றத்திற்கு அது முக்கிய காரணம். பனிக்கட்டி இம்மாறுதலைத் தாமதப்படுத்துகிறது. இங்கே வயது கூடினால் தரம் குறைகிறது. இதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை.

பதநீரின் வயதை மணிக்கணக்கில் எண்ண வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீராக நிற்கும். தடவாவிட்டால் விரைவில் புளித்துக் கள்ளாகும். கருவி இரண்டின் ஆவியையும் எளிதில் வேறுபடுத்தக்கூடும். ஆனால் எது சரக்கு, எது கெட்டுப்போனது என்பது வாங்க வந்தவர் எதை நாடி வந்தார் என்பதைப் பொறுத்தது.

அரிசியோ இன்னும் நுட்பமானது. புதுவையின் நெற்களஞ்சியமெனப்படும் பாகூர்ப் பகுதி விவசாயிகள் இதனை நன்கறிவர். புதிய அரிசி குழையும். பழைய அரிசி உதிரி உதிரியாக வேகும். ஆகவே பழைய அரிசிக்கு அதிக விலை கொடுக்கிறோம். ஆனால் சேமிப்பில் அரிசியின் மேற்பரப்பிலுள்ள கொழுப்பு மெல்ல மெல்லச் சிதைந்து, காற்றோடு சேர்ந்து, ஹெக்ஸனால் போன்ற பொருள்களாக மாறுகிறது. பழைய அரிசியின் சிக்கு வாடை அதனால் வருவது. பாசுமதி முதலிய மண அரிசிகளுக்கு மணம் தருவது 2-அசிடைல்-1-பைரோலின் என்னும் பொருள். ரம்பை இலையிலும் அதுவே மணக்கிறது. சேமிப்பில் இது குறைந்துகொண்டே போகும். எனவே ஒரே மூட்டை, சோற்றின் பதத்தில் உயர்ந்தும் மணத்தில் தாழ்ந்தும் நிற்கலாம். மணத்தை மட்டும் அளக்கும் கருவியிடம் விலையை முழுவதும் ஒப்படைத்தால், பழைய அரிசியைக் காத்து வைத்தவருக்கு அநியாயம் நேரும்.

கருவியால் ஆகாதவை

முதலாவது, ஆவியாகாத எதையும் மின்னணு மூக்கு அறியாது. பாலில் கலந்த தண்ணீருக்கு வாசனை கிடையாது. அரிசியில் கலந்த கல்லுக்கும் கிடையாது. நோய்க் கிருமி புகுந்தும் வாசனை மாறாத உணவு உண்டு. ஆகையால் கொழுப்புச் சோதனை, கொதிக்க வைத்துத் திரிகிறதா என்று பார்க்கும் சோதனை, மெதிலீன் நீலச் சோதனை முதலியவற்றை விட்டுவிட முடியாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்படி மாதிரியைச் சோதித்து அறிக்கை தர வேண்டியவர் உணவுப் பகுப்பாய்வாளரே.

இரண்டாவது, உணர்விகள் நாளடைவில் நிலை மாறும். இன்று காட்டிய எண்ணை அடுத்த ஆண்டு அதே மாதிரிக்குக் காட்டாது. தராசுக்குக் காலந்தோறும் முத்திரை வைப்பது போல இதனையும் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது, காற்றின் ஈரம் அதனைப் பாதிக்கும். புதுவை கடற்கரை ஊர். கார்த்திகை மழையில் காட்டும் எண்ணும் சித்திரை வெயிலில் காட்டும் எண்ணும் ஒன்றாயிருக்க, ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு தேவை.

நான்காவது, ஓர் ஊரில் கற்ற கருவி மற்றோர் ஊரில் தவறக்கூடும். மாடு தின்ற தீவனத்தின் வாசனை பாலில் ஏறுவதுண்டு. பசும்பாலும் எருமைப் பாலும் வாசனையில் வேறு. புழுங்கல் அரிசிக்கும் பச்சரிசிக்கும் மணம் வேறு. நம் ஊர்த் தீவனத்தையும் நம் ஊர் அரிசியையும் ஒருபோதும் முகர்ந்திராத கருவி, பழக்கமில்லாத நல்ல பொருளைக் கெட்டதென்று தள்ளிவிடலாம். மனிதர் தவறாகச் சொன்னால் எதிர்த்துக் கேட்போம். கருவி தவறாகச் சொன்னால் வாயடைத்துப் போவோம். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

சங்கம் செய்யத் தக்கவை

முற்காலத்தில் படியும் மரக்காலும் சேரும் ஊருக்கு ஊர் வேறாயிருந்தன. 1956-இல் எடை, அளவைகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டு, மெட்ரிக் அளவுகள் நாடெங்கும் படிப்படியாக வந்த பிறகு, விற்பவரும் வாங்குபவரும் ஒரே கிலோவைப் பார்த்துப் பேச முடிந்தது. கிலோ இருவருக்கும் பொதுவான சாட்சி. மின்னணு மூக்கும் அவ்வாறு பொதுச் சாட்சியாக வேண்டுமானால், அதனைக் கற்பிக்கும் வேலையில் உற்பத்தியாளருக்கும் பங்கு இருக்க வேண்டும். இதற்கு நாம் கூறும் யோசனைகள் பின்வருமாறு:

1. இக்கருவி ஓர் ஆரம்ப சங்கத்தின் சக்திக்கு மேற்பட்டது. புதுவையில் 'பாண்லே' என்று மக்கள் அழைக்கும் பால் உற்பத்தியாளர் ஒன்றியத்தைப் போன்ற மேல்நிலை அமைப்புகளே இதனைப் பற்றி ஆலோசிக்கத் தக்கவை. ஆரம்ப சங்கங்கள் முதலில் சாதாரணப் பரிசோதனைகளை ஒழுங்காக நடத்தட்டும்.

2. கற்பிப்பதற்குரிய மாதிரிகளை அங்கத்தினரின் சொந்த ஊர்களிலிருந்தே, எல்லாப் பருவங்களிலும் எடுக்க வேண்டும்.

3. மாதிரி நல்லதா அல்லதா என்று தீர்மானிப்பதை ஒருவரிடம் விடாமல் ஒரு குழுவிடம் விட வேண்டும். அதில் உற்பத்தியாளர், வாங்குவோர், பரிசோதகர் மூவரும் இருக்க வேண்டும். எவருடைய மாதிரி என்பது குழுவினருக்குத் தெரியக் கூடாது.

4. கருவி தள்ளிவிட்ட பொருளுக்கு மறுபரிசோதனை கேட்கும் உரிமையைத் துணைவிதியிலோ நிர்வாகக் குழுவின் தீர்மானத்திலோ எழுதி வைக்க வேண்டும். முத்திரையிட்ட இரண்டாவது மாதிரி ஒன்றைப் பாதுகாத்தல் அவசியம்.

5. தெரிந்த மாதிரி ஒன்றைத் தினமும் முதலில் வைத்துச் சரிபார்த்து, அந்த எண்ணை அங்கத்தினர் பார்க்கும்படி எழுதித் தொங்கவிட வேண்டும்.

6. குறைந்த தரத்திற்கு விலையைப் பிடித்தம் செய்வதாயின், உயர்ந்த தரத்திற்கு அதிக விலையும் கொடுக்க வேண்டும். பிடித்தத்திற்கு மட்டும் பயன்படும் கருவியை அங்கத்தினர் நம்பமாட்டார்கள்.

அனுபவமுள்ள மூக்குகள் இன்னும் நம் கிராமங்களில் இருக்கின்றன. மூடியைத் திறந்தவுடனேயே பாலின் நிலையைச் சொல்லும் பெண்களும், குதிரில் கைவிட்டு நெல்லின் வயதைச் சொல்லும் முதியவர்களும் உள்ளனர். கருவி வருவதால் அவர்களுக்கு வேலையில்லை என்று நினைப்பது தவறு. அதற்குக் கற்பிக்க அவர்களைத் தவிர வேறு ஆசிரியர் இல்லை. அவர்கள் அறிந்ததை இப்போதே கேட்டு, மாதிரியோடும் தேதியோடும் குறித்து வைக்கும் வேலையைக் கருவி வாங்கும் வரையில் ஒத்திப் போட வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் எந்தச் சங்கமும் அடுத்த வாரமே தொடங்கிவிடலாம்.

படிப்பு வட்டங்களில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. வாசனை காரணமாக உங்கள் சங்கத்தில் பொருள் திருப்பப்படும்போது, யார் தீர்மானிக்கிறார்? காரணம் எழுத்தில் தரப்படுகிறதா?

2. உங்கள் ஊரின் பால், நெல், மீன் இவற்றுள் எதில் பழமை தரத்தைக் குறைக்கிறது? எதில் கூட்டுகிறது?

3. மறுபரிசோதனை கேட்கும் உரிமை உங்கள் சங்கத்தின் விதிகளில் உண்டா? இல்லையாயின் எவ்வாறு சேர்க்கலாம்?

4. முகர்ந்தே தரம் அறியும் அனுபவசாலிகள் உங்கள் அங்கத்தினருள் எவரெவர்? அவர்கள் எந்த அடையாளங்களைக் கொண்டு அறிகின்றனர்?